கண்ணாடிக் கட்டடங்களில் விழும் பிம்பங்களைப் படமெடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணாடிக் கட்டடத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக நேரே அதன் முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். முதலில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் படத்தில் வரப்போவது அங்கே இருப்பதுதான். எதிரே ஒரு மொட்டைச் சுவர் மட்டும் இருந்தால், எவ்வளவு அழகான கண்ணாடியும் அந்த மொட்டைச் சுவரைத்தான் திருப்பிக் காட்டும். எதிரே பழைய மணிக்கூண்டோ, கிளை விரித்த மரமோ, வண்ணம் அடித்த பால்கனி வரிசையோ இருந்தால், சாதாரண அலுவலகக் கட்டடமே போதும்.

கேமரா, லென்ஸ், ஃபில்டர் எல்லாம் இதற்கு அப்புறம்தான். எதிரே என்ன இருக்கிறது, அதன் மேல் வெயில் எப்போது விழுகிறது, நான் எங்கே நிற்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் படத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

படி 1: எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

பழையதும் புதியதும் எதிரெதிரே நிற்கும் தெருக்களைத் தேடுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1976-இல் திறக்கப்பட்ட 60 மாடி ஜான் ஹான்காக் கோபுரத்தை (இப்போதைய பெயர் 200 கிளாரெண்டன்) இத்தனை பேர் படமெடுப்பதற்குக் காரணம் கோபுரம் மட்டும் அல்ல. அதன் நீலச் சாயல் கண்ணாடியில், பக்கத்தில் இருக்கும் டிரினிட்டி தேவாலயம் விழுகிறது. 1877-இல் கட்டி முடித்த கரடுமுரடான கல் கட்டடம், வழவழப்பான கண்ணாடிக்குள் தெரிகிறது. முரண் அங்கேயே தயாராக இருக்கிறது. படமெடுப்பவர் அதற்கு ஒரு சட்டகம் போட்டால் போதும்.

அப்படிப் புகழ்பெற்ற ஜோடி எல்லாத் தெருவிலும் கிடைக்காது, தேவையும் இல்லை. கட்டட வேலைக்கு நிற்கும் கிரேன், துணி காயும் மாடி, தண்ணீர்த் தொட்டிகள், மின்கம்பிகள் என எதுவும் கண்ணாடிக்குள் போனால் வேறு முகம் காட்டும். நேர்கோடுகள் நிறைந்தவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். ஜன்னல் வரிசை, கம்பி, படிக்கட்டு போன்றவை பிம்பத்தில் வளையும்போது அந்த வளைவு கண்ணில் படும். மேகமோ இலைக்கூட்டமோ வளைந்தால் அது வளைந்திருப்பதே தெரியாது.

படி 2: வெயில் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுங்கள்

நல்ல பிம்பத்துக்கு ஒரே விதி: கண்ணாடி நிழலில் இருக்க வேண்டும், எதிரே இருப்பது வெயிலில் இருக்க வேண்டும்.

வடக்குத் தெற்காக ஓடும் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். காலையில் சூரியன் கிழக்கே. தெருவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடங்களின் முகப்பில் நேராக வெயில் விழும். கிழக்குப் பக்கக் கட்டடங்களின் முகப்பு நிழலில் இருக்கும். ஆகவே காலையில் நீங்கள் பார்க்க வேண்டியது கிழக்குப் பக்கக் கண்ணாடியை. மாலையில் எல்லாம் தலைகீழ். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் இது இவ்வளவு சுலபமாக அமையாது. அங்கே வெயில் தெருவின் நீளத்தோடு வரும் என்பதால், குறுக்குத் தெரு வந்து சேரும் முனைகளில் தேடுங்கள்.

இந்த விதி ஏன் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி, நேராகப் பார்க்கும்போது ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பரப்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 8 சதவீதம். மீதியில் பெரும்பங்கு உள்ளே போய்விடுகிறது. அந்த 8 சதவீதம், உள்ளே இருந்து வெளியே வரும் வெளிச்சத்தோடு போட்டி போட வேண்டும். உள்ளே இருட்டாக இருந்தால் பிம்பம் ஜெயிக்கும். உள்ளே விளக்குகள் எரிந்தாலோ, வெயில் உள்ளே புகுந்து மேசைகளையும் திரைச்சீலைகளையும் வெளிச்சமாக்கினாலோ பிம்பம் தோற்கும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடிகள் இதைவிட அதிகமாகவே பிரதிபலிக்கும். அலுவலகக் கோபுரங்கள் பகலில் ரசம் பூசியவை போலத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

கோணமும் முக்கியம். கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்பதைவிட, சுவரை ஒட்டிச் சாய்வாகப் பார்க்கும்போது பிம்பம் மிக அழுத்தமாக இருக்கும். ஒளி கண்ணாடியை உரசிக்கொண்டு போகும் அளவுக்குச் சாய்ந்தால் சாதாரண ஜன்னல்கூடக் கிட்டத்தட்ட முழுக் கண்ணாடி ஆகிவிடும்.

இந்தப் போட்டியில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் நேரம் ஒன்று உண்டு. சூரியன் மறைந்து வானம் அடர்நீலமாகும் கொஞ்ச நேரத்தில், உள்ளே இருக்கும் விளக்கும் வெளியே இருக்கும் வானமும் ஒரே கண்ணாடியில் கலந்து தெரியும். உள்ளே ஒருவர் நாற்காலியை நகர்த்துவார், அவர் தோளின் மேல் மேகம் கிடக்கும். மிக விரைவில் முடிந்துவிடும் நேரம் இது. அதனால் இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிம்பம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் படம் அல்ல. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். வலப்பக்கம் ஓரடி வைத்தாலே மணிக்கூண்டு ஒரு ஜன்னல் சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்குத் தாவிவிடும். ஆகவே ஓரிடத்தில் நின்று ஜூம் செய்து பார்ப்பதைவிட, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கண்ணால் பார்த்தபடி நடைபாதையில் மெதுவாக நடங்கள். பிறகு ஒரு படிக்கட்டிலோ நடைமேம்பாலத்திலோ ஏறிப் பாருங்கள். உயரம் மாறினால் பிம்பமும் மேலே கீழே நகரும்.

நடக்கும்போது ஒரு விஷயம் கவனத்துக்கு வரும். ஒரே முகப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கண்ணாடிகள் ஒரே கட்டடத்தை இரண்டு விதமாகக் காட்டும். ஒன்றில் ஜன்னல்கள் இடுப்பு சுருங்கி நிற்கும், அடுத்ததில் பக்கவாட்டில் உப்பித் தெரியும். கண்ணாடி தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். 1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவை முறையில், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் பரப்பிச் செய்கிறார்கள். அதனால் தகடு மிகவும் சமமாகவே வருகிறது. அதற்குப் பிறகு நடப்பவைதான் நெளிவைத் தருகின்றன. உறுதியாக்குவதற்காகக் கண்ணாடியைச் சூடாக்கி உருளைகளின் மேல் ஓட்டும்போது மெல்லிய அலை படிந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு தகடுகளை இடைவெளி விட்டு அடைத்து மூடுகிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று குளிரில் சுருங்கினால் தகடுகள் உட்பக்கம் குழியும்; வெப்பத்தில் விரிந்தால் வெளிப்பக்கம் புடைக்கும். வெளியே காற்றழுத்தம் மாறினாலும் இதேதான். ஆகவே குளிர்ந்த காலையில் நீங்கள் பார்த்த நெளிவு, சூடான பிற்பகலில் அதே ஜன்னலில் அதே மாதிரி இருக்காது.

இதைப் பயன்படுத்துவது எப்படி? எதிரே இருக்கும் பொருள் கண்ணாடியிலிருந்து தள்ளிப் போகப்போக நெளிவு கூடும். நீங்கள் தள்ளி நின்றாலும் கூடும். குறுகிய சந்தில் பிம்பம் ஏறக்குறைய நேராக இருக்கும். அகன்ற சாலைக்கு அப்பாலோ மைதானத்துக்கு அப்பாலோ இருப்பது தாறுமாறாக நெளியும். நெளிவு வேண்டுமென்றால் தூரமாகப் போய், தொலைவில் இருப்பதைக் கிட்டே காட்டும் நீண்ட லென்ஸால் எடுங்கள், சுத்தமான பிம்பம் வேண்டுமென்றால் கிட்டே போங்கள்.

சரி, உங்கள் உருவமே படத்தில் விழுந்துவிட்டால்? உங்களிடமிருந்து கண்ணாடிக்கு ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோடு கண்ணாடியைத் தொடும் இடத்தில்தான் நீங்கள் தெரிவீர்கள். அந்தப் புள்ளி சட்டகத்துக்கு வெளியே இருக்கும்படி பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாக எடுத்தால் போதும். நேராகத்தான் எடுக்க வேண்டும் என்றால் அந்தப் புள்ளி ஒரு தூணின் மேலோ ஜன்னல் சட்டத்தின் மேலோ விழும்படி நில்லுங்கள்.

படி 4: ஃபோகஸ்

பலருக்கு இங்கேதான் படம் மங்கலாகிப் போகிறது. பிம்பம் கண்ணாடியின் மேல் தெரிந்தாலும், கேமராவைப் பொறுத்தவரை அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. உங்களிடமிருந்து கண்ணாடி வரை உள்ள தூரமும், கண்ணாடியிலிருந்து பொருள் வரை உள்ள தூரமும் சேர்ந்ததுதான் பிம்பத்தின் தூரம்.

ஓர் உதாரணம். நீங்கள் கண்ணாடியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். பழைய கட்டடம் கண்ணாடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படியானால் பிம்பம் 50 மீட்டரில். படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 135 மி.மீ. லென்ஸ் போட்டு, அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப் 8-இல் 50 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால், ஏறக்குறைய 30 மீட்டருக்கு அப்பால் உள்ளவைதான் கூர்மையாக வரும். 20 மீட்டரில் இருக்கும் ஜன்னல் சட்டங்கள் மசமசவென்று இருக்கும். சட்டமும் பிம்பமும் இரண்டுமே கூர்மையாக வேண்டும் என்றால் அபெர்ச்சரை எஃப் 11 ஆக்கி, ஃபோகஸை 30 மீட்டர் அளவில் வையுங்கள். 20-உம் அடங்கும், 50-உம் அடங்கும். நடுவில் 35 மீட்டர் என்று வைக்கத் தோன்றும். ஆனால் முன்பக்கம் கூர்மை சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் கிட்டே இருப்பதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் வைக்க வேண்டும்.

அகன்ற லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 35 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து 4 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், சுமார் 2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக வரும்.

ஆட்டோ ஃபோகஸை அதன் விருப்பத்துக்கு விடாதீர்கள். கண்ணாடியில் இருக்கும் தூசி, ஸ்டிக்கர், சட்டம், பிம்பம் என்று அது மாறி மாறி அலையும். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து, பிம்பத்துக்குள் கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் ஒரு விளிம்பில் வையுங்கள். அதுவும் ஒத்துழைக்கவில்லை என்றால் மேனுவலுக்கு மாற்றி, திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்புங்கள்.

எனக்குச் சட்டமும் கூர்மையாக இருப்பதுதான் பிடிக்கும். சட்டத்தின் நேர்கோடு பக்கத்தில் இருந்தால்தான் பிம்பத்தின் நெளிவு நெளிவாகத் தெரிகிறது. சட்டமே இல்லாமல் பிம்பத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது அருவ ஓவியம் போல ஆகிவிடும். அதிலும் அழகு உண்டு, ஆனால் தெரு தொலைந்துவிடும்.

படி 5: போலரைசர் ஃபில்டர், ஜாக்கிரதையாக

லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் என்றாலே பிரதிபலிப்பை நீக்கத்தான் என்று நினைக்கிறோம். நமக்கு வேண்டியது எதிர்த்திசை. வளையத்தைச் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஓரிடத்தில் பிம்பம் மங்கி உட்புறம் தெரியும். அங்கிருந்து கால் சுற்று திருப்பினால் உட்புறம் அடங்கி பிம்பம் எழும்பும். அந்த இரண்டாவது நிலைதான் நமக்கு.

சாதாரணக் கண்ணாடியில் இதன் விளைவு உச்சத்தில் இருப்பது, கண்ணாடிச் சுவரோடு சுமார் 34 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது. நேர் எதிரே நின்றால் ஃபில்டரைச் சுற்றினாலும் பிம்பத்தில் எந்த மாற்றமும் வராது. உலோகப் பூச்சுக் கண்ணாடியில் பாதி வேலைதான் செய்யும். கூடவே ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைச் சாப்பிடும். சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியில் ஒளிந்திருக்கும் அழுத்தக் கோலங்களையும் சில சமயம் வெளியே கொண்டுவந்துவிடும். கண்ணாடி முழுக்கச் சாம்பல் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

படி 6: எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு)

கண்ணாடி 25 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பினால், பிம்பம் அசல் காட்சியைவிட 2 ஸ்டாப் இருட்டாக இருக்கும். 8 சதவீதம் என்றால் மூன்றரை ஸ்டாப்புக்கும் மேலே. உண்மையான வானமும் பிம்ப வானமும் ஒரே சட்டகத்தில் இருந்தால் கேமரா தடுமாறுவது இதனால்தான். முடிந்தவரை உண்மையான வானத்தைச் சட்டகத்திலிருந்து விலக்கிவிடுங்கள். முடியாதபோது ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் கோப்பில்), வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகாத அளவுக்குக் குறைத்து எடுங்கள். இருட்டைப் பிறகு தூக்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது.

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாமல் வெயில் குறியில் நிறுத்துங்கள். நீலமோ பச்சையோ வெண்கல நிறமோ, கண்ணாடியின் சாயல் அந்தத் தெருவின் சாயல். ஆட்டோ அதைக் கழுவித் துடைத்துவிடும், அதுவும் படத்துக்குப் படம் வெவ்வேறு அளவில்.

ஆட்கள் நடக்கும் காட்சி என்றால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம்.

படி 7: தெருவையும் மனிதர்களையும் சேருங்கள்

இருண்ட உடை போட்ட ஒருவர் கண்ணாடிக்கும் வானத்துக்கும் நடுவே வரும்போது கவனியுங்கள். அவர் உருவம் வானத்தின் பிம்பத்தை மறைக்கிறது. மறைத்த அந்த இடத்தில் மட்டும் போட்டி இல்லாததால் கடையின் உட்புறம் தெரிகிறது. அதாவது அவர் உருவத்துக்குள்ளேயே அலமாரியும் விளக்கும் தெரியும். தரைத்தளக் கடைக் கண்ணாடிகளில் இதை எளிதாகப் பார்க்கலாம். நீங்களே கையை உயர்த்தி நிழல் கொடுத்துப் பாருங்கள், கை அளவுக்கு ஒரு ஜன்னல் திறக்கும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் யூஜீன் அட்ஜே 1920-களில் பாரிஸ் கடைக் கண்ணாடிகளை எடுத்த படங்களில், பொம்மைகளும் எதிர்த் தெருவின் மரங்களும் கட்டடங்களும் ஒரே பரப்பில் கலந்து கிடப்பது இந்த ஒளிப் போட்டியால்தான்.

வெயில் நேராக விழும் கண்ணாடியை வீண் என்று ஒதுக்க வேண்டாம். அது வெளிச்சத்தை எதிர்ப்பக்க நிழலுக்குள் எறியும். தரையிலும் சுவரிலும் கட்டம் கட்டமாக ஒளித் திட்டுகள் விழும். கண்ணாடி குழிந்திருந்தால் அவை பெருக்கல் குறி போலக்கூட இருக்கும். அந்தத் திட்டுக்கு எக்ஸ்போஷரைப் பொருத்திவிட்டு, யாராவது அதற்குள் நடந்து வரும்வரை காத்திருங்கள். சுற்றிலும் கறுத்துப்போய் அவர் மேல் மட்டும் வெளிச்சம் விழும். திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீங்களும் நகர வேண்டும்.

இரண்டு கண்ணாடிக் கட்டடங்கள் எதிரெதிரே இருந்தால் பிம்பத்துக்குள் பிம்பம் கிடைக்கும். ஒரு முறை பிரதிபலித்த எழுத்து இடவலம் மாறித் தெரியும், இரண்டாவது முறையில் நேராகிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒளி குறையும். 25 சதவீதம் இரண்டு முறை என்றால் மிஞ்சுவது 6 சதவீதம்தான். ஆகவே உச்சி வெயிலில் தேடுங்கள்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு

மேலே சொன்ன வெயில் கணக்கும் நிற்கும் இடமும் அப்படியே பொருந்தும். சென்சார் சிறியது என்பதால் சட்டமும் பிம்பமும் பெரும்பாலும் சேர்ந்தே கூர்மையாக வரும். இது உங்களுக்குக் கிடைத்த நல்ல வசதி. பிம்பத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், பிறகு விரலால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். கண்ணாடியையும் பிம்பத்தையும் பிரிக்கத் தெரியாமல் கண்ட இடத்தில் மங்கலாக்கிவிடும். எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் துடையுங்கள். பிம்பத்தில் ஏற்கெனவே மாறுபாடு குறைவு. அதன் மேல் விரல் ரேகையும் சேர்ந்தால் எல்லாம் பால் ஊற்றியது போல வெளிறிவிடும்.

பாதுகாப்பும் மரியாதையும்

கண்ணாடி திருப்பி அனுப்பும் சூரியனும் சூரியன்தான். ஆப்டிகல் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக, அதுவும் டெலி லென்ஸில் (நீண்ட லென்ஸில்), அதை நேராகப் பார்க்கக் கூடாது. உட்பக்கம் வளைந்த முகப்புகளில் ஒளி குவியும். லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் குழிந்த முகப்பு, 2013-இல் கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கியது.

வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நகராதீர்கள், பின்னால் சாலை இருக்கும். காவலர் வந்து கேட்டால் திரையைக் காட்டி என்ன எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த கட்டடத்துக்குப் போகலாம். உள்ளே வேலை செய்பவர்களின் முகமும் கணினித் திரையும் தெளிவாகத் தெரிந்தால், அந்தப் படத்தைப் பொதுவில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

படி 8: திருத்தம்

பிம்பங்கள் இயல்பாகவே வெளிறி வரும். முதலில் கறுப்பை ஆழப்படுத்துங்கள், பிறகு மாறுபாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். டிஹேஸ் (மங்கலை நீக்கும்) பொத்தானை லேசாகத் தொட்டால் போதும். அழுத்தினால் கண்ணாடி தகரமாகிவிடும்.

அண்ணாந்து எடுத்திருந்தால் கட்டடம் மேலே போகப்போகக் குறுகித் தெரியும். அதை நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது அளவுகோலாக வைக்க வேண்டியது ஜன்னல் சட்டங்களை, பிம்பத்தில் தெரியும் கோடுகளை அல்ல. பிம்பத்தின் கோட்டைப் பிடித்து நிமிர்த்தினால் கட்டடமே சாய்ந்துவிடும்.

பிம்பத்தில் எழுத்து தலைமாறி இருக்கிறதே என்று படத்தை இடவலமாகப் புரட்டுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். புரட்டினால் கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் உண்மையான எழுத்து தலைமாறிவிடும். அதைவிட, பார்க்கிறவருக்கு இது பிம்பம் என்று சொல்லும் முதல் அடையாளமே அந்தத் தலைமாறிய எழுத்துதான். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.